சாலில் கேட்ட மூன்று பாட்டுகள்

தாராவி தொண்ணூறடிச் சாலையிலிருந்து உள்ளே பிரியும் ஒரு சந்தில், வரிசைக்கு ஆறு வீடாக எதிரெதிரே பன்னிரண்டு குடித்தனங்கள் இருந்த ‘சால்’ என்ற வரிசைவீட்டுக் குடியிருப்பில்தான் நான் வளர்ந்தேன். எங்கள் அம்மா மாட்டுங்காவில் ஒரு பூக்கடைக்குப் பூக்கட்டிக் கொடுத்துவந்தாள். அப்பா விடியற்காலையில் தாதர் பூச்சந்தையிலிருந்து வாங்கிவரும் மல்லிகை மொட்டுகளை ஈரக் கோணியில் பரப்பி, தண்ணீரில் ஊறிய வாழைநாரின் ஒரு முனையைக் கால் கட்டைவிரலில் சுற்றிக்கொண்டு, இந்தப் பக்கம் இரண்டு மொட்டு, அந்தப் பக்கம் இரண்டு மொட்டு என்று காம்போடு காம்பு சேர்த்து வைத்து, நாரை ஒரு சுற்றுச் சுற்றி இறுக்குவாள். கண் பூவில் இருக்காது. விரல் தானாகப் போகும். அந்த வேலைக்கென்று அவளுக்கு ஒரு பாட்டு இருந்தது. 1974-இல் வெளிவந்த ‘தீர்க்க சுமங்கலி’ படத்துக்காக வாலி எழுதி, எம்.எஸ்.விஸ்வநாதன் இசையமைத்த ‘மல்லிகை என் மன்னன் மயங்கும்’. கிங்ஸ் சர்க்கிளில் தமிழ்ப் படங்கள் போட்டுவந்த அரோரா தியேட்டரில் அப்பாவோடு உட்கார்ந்து அதை முதன்முதலாகக் கேட்டதாக இன்றும் சொல்வாள்.

அடுத்த சுவரில் ஒரு மராட்டி ஆஜி (பாட்டி) குடியிருந்தார். பேரன்களை வளர்த்துக்கொண்டு, காலையில் மர்ஃபி ரேடியோவில் ஆகாசவாணியின் மராட்டிப் பாட்டுகளைக் கேட்டுக்கொண்டே பாக்ரி ரொட்டி தட்டுவார். அந்த ரேடியோவில் அடிக்கடி ஒரு பாட்டு வரும். ஹிந்துஸ்தானிப் பாடகர் குமார் கந்தர்வரின் குரலும் ஒரு பெண்ணின் குரலும் மாறி மாறி ஒலிக்கும் அந்தப் பாட்டின் தொடக்கச் சொல் ‘ருணானுபந்தாச்யா’. பூர்வ கடனால் விழுந்த உறவின் முடிச்சைப் பற்றியது. பால் கோல்ஹட்கர் தம் நாடகம் ஒன்றுக்காக எழுத, வசந்த் தேசாய் இசையமைத்தது. ருணானுபந்தம் என்ற சொல் எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துப் பெரியவர்களும் சொல்லுகிற சொல்தான் என்பதால், அந்தப் பாட்டில் அம்மாவுக்குப் புரிந்த ஒரே சொல் அதுவாக இருந்தது. அந்தப் பாட்டு வரும்போது ஆஜி ரேடியோவின் ஒலியைக் கூட்டிவிடுவார். சுவர் மெல்லியது; எங்கள் வீட்டிலும் அது நிறையும்.

மூன்றாவது பாட்டு என்னுடையது. நான் படித்தது மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளி. வகுப்பில் தமிழ், வாசலைத் தாண்டினால் மராட்டி, காலை வழிபாட்டில் ஹிந்தி என்று எங்கள் நாள் மூன்றாகப் பிரிந்திருந்தது. வழிபாட்டில் நாங்கள் கைகூப்பிப் பாடியது ‘ஹம்கோ மன் கீ சக்தி தேனா’. மனத்துக்கு வலிமை கொடு, மற்றவரை வெல்லுமுன் எங்களையே நாங்கள் வெல்ல வேண்டும் என்று வேண்டும் பாட்டு. பொருள் தெரியாத வயதிலேயே மனப்பாடம் ஆகிவிட்டது. அது பரம்பரையாக வந்த பிரார்த்தனை என்றும், யாரும் எழுதியது இல்லை என்றும், காயத்ரி மந்திரம் போல எப்போதும் இருப்பது என்றும்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த மூன்று பாட்டையும் பாடியவர் ஒருவரே என்று எங்களில் யாருக்கும் வெகுநாள் தெரியாது. 1945-இல் வேலூரில் பிறந்து கலைவாணி என்று பெயர் வைக்கப்பட்ட வாணி ஜெயராமின் குரல் அது.

எனக்கு அது தெரிந்தது தொலைக்காட்சியில். ஆஜியின் மகன் ஒரு கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சி வாங்கியிருந்தார். ஒரு விடுமுறை நாள் மாலையில் ‘குட்டி’ என்ற ஹிந்திப் படத்தைப் போட்டார்கள். ரிஷிகேஷ் முகர்ஜி இயக்கி, ஜெயா பாதுரி பள்ளி மாணவியாக நடித்த 1971-ஆம் வருடத்துப் படம். அதில் எங்கள் பிரார்த்தனை வந்தது. படத்திலும் அது பள்ளி வழிபாட்டுப் பாட்டுத்தான். அறையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த பிள்ளைகள் பத்துப் பதினைந்து பேரும், யாரும் சொல்லாமலே, படத்தோடு சேர்ந்து பாட ஆரம்பித்துவிட்டோம். ஆஜிதான் எங்களை அதட்டி அடக்கினார். அடக்கிவிட்டு, என் பக்கம் திரும்பி, “இது உங்கள் மதராஸ்காரப் பெண். ருணானுபந்தாச்யா பாடியவளும் இவள்தான்” என்றார். அம்மா அப்போது கட்டிய சரங்களைக் கூடையில் வைத்து மாட்டுங்காவுக்கு எடுத்துப் போயிருந்தாள். திரும்பி வந்ததும் ஓடிப்போய்ச் சொன்னேன். அப்பா வைத்திருந்த ஒலிநாடாவின் உறையில் ‘மல்லிகை’ப் பாட்டுக்கு நேரே இதே பெயர் இருந்ததை எடுத்துக் காட்டினேன். “நம்மூர்ப் பிள்ளையா மராட்டி பாடுது? ஆஜி வேற யாரையோ நெனைச்சுச் சொல்லுதா” என்று அம்மா நம்ப மறுத்துவிட்டாள்.

அம்மா நம்பாததில் நியாயம் இருந்தது. ஒரு பாடகர் தம் தாய்மொழியில் பாடிப் பெயர் எடுத்துவிட்டு, பிறகு வேற்று மொழிகளுக்குப் போவதுதான் வழக்கம். வாணியின் பாதை தலைகீழானது. சிறு வயதில் கர்நாடக இசை முறையாகக் கற்றார். கடலூர் சீனிவாச ஐயங்காரும் டி.ஆர்.பாலசுப்பிரமணியமும் அவருக்கு ஆசிரியர்கள். அதே வயதில் இலங்கை வானொலியில் ஹிந்திப் பாட்டுகளை விடாமல் கேட்டு, அவற்றின் இடையிசை உள்பட மனத்தில் பதித்துக்கொண்டார். சென்னை ராணி மேரிக் கல்லூரியில் படித்து, ஸ்டேட் வங்கியில் வேலைக்குச் சேர்ந்து, அறுபதுகளின் கடைசியில் திருமணமாகி, வங்கியில் மாற்றல் வாங்கிக்கொண்டு பம்பாய்க்கு வந்தார். பாட்டில் அவருக்கு இருந்த தேர்ச்சியைக் கண்ட கணவர் ஜெயராம், ஹிந்துஸ்தானியும் கற்றுக்கொள் என்று வற்புறுத்தி, பாட்டியாலா கரானா என்ற இசைப் பரம்பரையைச் சேர்ந்த உஸ்தாத் அப்துல் ரஹ்மான் கானிடம் சேர்த்துவிட்டார். பயிற்சியின் கடுமைக்கு வங்கி வேலை ஈடுகொடுக்கவில்லை, வேலையை விட்டார். தும்ரியும் கஜலும் பஜனும் கற்று, 1969-இல் பம்பாயில் மேடையேறினார்.

நிரந்தரச் சம்பளம், அதுவும் ஸ்டேட் வங்கிச் சம்பளம், அந்நாளைய பம்பாய்த் தமிழ்க் குடும்பத்துக்கு என்னவாக இருந்தது என்பது இங்கே வளர்ந்தவர்களுக்குத் தெரியும். தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்றுக்கொண்டு வி.டி. ஸ்டேஷனில் வந்து இறங்கியவர்களின் ஊர் இது. மாட்டுங்கா, சயான், செம்பூர் என்று நாம் பரவியது வேலையைப் பிடித்துக்கொண்டுதான். அந்த வேலையை ஒரு பெண் பாட்டுக்காக விட்டார் என்பதும், அந்தப் பாட்டைக் கற்கத் தூண்டியவர் கணவர் என்பதும் சாதாரணச் செய்தி இல்லை. இதை நான் என் மகளிடம் பல தடவை சொல்லியிருக்கிறேன்.

மேடையேறிய அந்த ஆண்டிலேயே வசந்த் தேசாயின் காதில் வாணியின் குரல் விழுந்தது. மராட்டியத்தின் மிகப் பெரிய இசையமைப்பாளர்களில் ஒருவரான அவர், யாரோடு பாட வைக்கலாம் என்று தயங்காமல், இந்தப் புதிய பெண்ணைக் குமார் கந்தர்வரோடு பாட வைத்தார். குமார் கந்தர்வர் எந்தக் கரானாவின் வேலிக்கும் அடங்காத மேதை. காசநோயால் ஒரு நுரையீரல் செயலிழந்தபின், சிறுசிறு மூச்சில் பாடும் ஒரு முறையைத் தாமே கண்டுபிடித்தவர். அவர் குரலுக்குப் பக்கத்தில் வேறொரு குரல் நிற்பது எளிதல்ல. ‘ருணானுபந்தாச்யா’வை இன்று கேட்டாலும் வாணி அவரோடு போட்டியிடவில்லை என்பதை நான் கவனிக்கிறேன். அவர் வரியை முடிக்குமிடத்தில் இவர் எடுத்து, அதே அடக்கத்தில் வைத்துக் கொடுக்கிறார். மராட்டி நாக்கில் ‘ள’கரம் உண்டு என்பது தமிழருக்கு ஒரு வசதி, ஆனால் ‘ச’வும் ‘ஜ’வும் சொல்லுக்குச் சொல் மாறும் அந்த மொழியில், வந்து அதிக நாள் ஆகாத ஒருவர் இப்படி ஒலித்தது உழைப்பினால்தான்.

‘குட்டி’யிலும் வசந்த் தேசாய்தான் இசை. பாட்டுகளில் இரண்டைக் குல்சார் எழுதினார். எங்கள் பிரார்த்தனை அவற்றில் ஒன்று. மற்றொன்று, வாணியின் பெயரை நாடு முழுக்கக் கொண்டுபோன ‘போலே ரே பபீஹரா’. பபீஹா மழைக்காலத்தை ஒட்டிக் கூவும் குயில் இனத்துப் பறவை; பாட்டின் ராகமும் மழைக்குரிய மியான் கி மல்ஹார். அந்த ராகத்தின் முகமே இரண்டு நிஷாதங்களில், அதாவது இரண்டு வகை ‘நி’ சுரங்களில், இருக்கிறது. கர்நாடக இசையில் கைசிகி என்றும் காகலி என்றும் நாம் சொல்லும் அவ்விரண்டையும் அடுத்தடுத்துத் தொட்டு, மேல் ஷட்ஜத்தில் போய்ச் சேர வேண்டும். சறுக்கினால் இரண்டும் ஒன்றாகக் குழம்பிவிடும். அதிகமாகப் பிரித்துக் காட்டினால் பாடம் சொல்வது போலாகிவிடும். வாணி பாடும்போது அந்த இரண்டு நிஷாதங்களும், ஓட்டுக் கூரையின் விளிம்பில் ஒன்றன்பின் ஒன்றாகத் திரண்டு விழும் இரண்டு துளிகளைப் போல, தனித்தனியாகவும் ஒரே நீராகவும் இருக்கின்றன. இந்தப் பாட்டுக்காக அவருக்குத் தான்சேன் சம்மான் உள்பட விருதுகள் வந்தன. அதே படத்தில் அவர் பாடிய இன்னொன்று மீராவின் ‘ஹரி பின் கைஸே ஜியூம் ரீ’. எட்டு வருடங்களுக்குப் பின் குல்சார் ‘மீரா’ படத்தை எடுத்தபோது, பண்டிட் ரவிசங்கரின் இசையில் மீராவின் குரலாக ஆனவர் வாணிதான். அதில் ‘மேரே தோ கிரிதர் கோபால்’ பாட்டுக்கு 1980-இல் ஃபிலிம்ஃபேர் விருது கிடைத்தது.

இதற்கிடையில் அவர் சென்னைக்குப் போய்விட்டிருந்தார். ஹிந்தித் திரையுலகம் அவருக்கு இடம் தரவில்லை என்று மும்பையில் இசை பேசும் தமிழர்கள் கூடும் இடங்களில் எல்லாம் இந்தப் பேச்சு எழும். யார் தடுத்தார்கள் என்ற கதைகளும் கூடவே வரும். எனக்கு அந்தப் பேச்சில் விருப்பம் இல்லை. வாணி சென்னைக்குப் போனதை ஒரு தோல்வியின் கதையாகச் சொல்லும்போது, சென்னையில் அவருக்குக் கிடைத்ததை நாம் இரண்டாம் பரிசாக ஆக்கிவிடுகிறோம். எம்.எஸ்.விஸ்வநாதனும் கண்ணதாசனும் வாலியும் இளையராஜாவும் இரண்டாம் பரிசா? ‘பம்பாய் கைவிட்ட பாடகி’ என்று அவரைச் சொல்பவர்களிடம் நான் கேட்பது இதைத்தான்.

தமிழில் அவரது பெயர் முதலில் படிந்தது 1973-இல். சங்கர் – கணேஷ் இசையில் டி.எம்.சௌந்தரராஜனோடு ஒரு டூயட், அடுத்து எம்.எஸ்.வி.யின் இசையில் ‘சொல்லத்தான் நினைக்கிறேன்’ படத்தில் ‘மலர்போல் சிரிப்பது பதினாறு’, மறு வருடமே ‘மல்லிகை’. இந்தப் பாட்டைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். மெட்டு பார்வைக்கு எளிமையானது. பூக்கட்டிக்கொண்டே என் அம்மா பாடக்கூடியது. ஆனால் சுருதிப்பெட்டியை வைத்துக்கொண்டு ஒருமுறை பாடிப் பாருங்கள். ஒரு சுரத்தில் அசையாமல் நிற்க வேண்டிய இடங்களில் நம் குரல் நடுங்கும். கர்நாடகப் பயிற்சி உள்ள குரல் என்றால் தானாகச் சுரத்தை அசைத்து ஒரு கமகத்தைப் போட்டுவிடும். வாணி போடுவதில்லை. சுரத்தைத் தொட்டு, ஆட்டாமல், நூல் பிடித்தது போல நிறுத்துகிறார். அது உஸ்தாதிடம் அதிகாலைச் சாதகத்தில் வந்தது. ஒரே சுரத்தை மணிக்கணக்கில் பிடித்து நிற்கும் ஹிந்துஸ்தானிப் பழக்கம். அப்படி நிறுத்திய சுரத்தின்மேல் அவர் வைக்கும் தமிழோ, வேலூரிலும் சென்னையிலும் வளர்ந்த ஒரு பெண்ணின் சுத்தமான தமிழ். ‘மல்லிகை என் மன்னன் மயங்கும்’ என்று மகரம் அடுத்தடுத்து வரும் வரியில், உதடு மூடித் திறக்கும் ஒவ்வொரு முறையும் காதில் விழுகிறது. எந்த ‘ம’வும் மூக்கில் சிக்கவில்லை. பம்பாயில் பழகிய நிலைத்த சுரமும் தமிழ்நாட்டு உச்சரிப்பும் ஒரே குரலில் சேர்ந்ததுதான் அவருடைய தனித்தன்மை என்று நான் நம்புகிறேன். வேறு யாரிடமும் இந்தச் சேர்க்கை இந்த அளவில் அமையவில்லை.

1975-இல் ‘அபூர்வ ராகங்கள்’. ஸ்ரீவித்யா பாடகியாக நடித்த படம். கண்ணதாசனின் ‘ஏழு ஸ்வரங்களுக்குள் எத்தனை பாடல்’ பல ராகங்களைக் கோத்த ராகமாலிகையாக அமைந்தது. மேடைக் கச்சேரி செய்யும் ஒருத்தி பாடுகிறாள் என்று நம்ப வேண்டும். அதே சமயம் தியேட்டரில் கடைசி வரிசையில் இருப்பவனும் வரியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இரண்டும் நடந்தது. சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது அவருக்கு முதன்முதலாக அந்தப் பாட்டுக்காகத்தான் வந்தது. தெலுங்கில் கே.வி.மகாதேவன் இசையமைத்த ‘சங்கராபரணம்’ இரண்டாவது தேசிய விருதைக் கொண்டுவந்தது. மூன்றாவது விருது எனக்கு எல்லாவற்றையும்விட வியப்பானது. ‘சுவாதி கிரணம்’ படத்தில், குருவே பொறாமைப்படும் அளவுக்குப் பாடும் ஒரு சிறுவனுக்காக அவர் குரல் கொடுத்தார். நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய ஒரு பெண், பத்துப் பன்னிரண்டு வயதுப் பையனாகப் பாடுகிறார். குரலைச் சின்னதாக்கிக் காட்டும் வித்தை எதையும் செய்யவில்லை. வார்த்தையில் இருக்கும் பயமின்மையை மட்டும் பையனுடையதாக ஆக்கிவிட்டார்.

விருதுகளைத் தாண்டிப் போனால்தான் அவருடைய விரிவு தெரியும். ‘முள்ளும் மலரும்’ படத்தின் ‘நித்தம் நித்தம் நெல்லுச்சோறு’ பாட்டில் பச்சையான கிராமத்துக் குரல். ‘ரோசாப்பூ ரவிக்கைக்காரி’யின் ‘என்னுள்ளில் எங்கோ ஏங்கும் கீதம்’ பாட்டில் தனக்குள்ளேயே பேசிக்கொள்ளும் குரல். ‘அழகே உன்னை ஆராதிக்கிறேன்’ படத்தின் ‘நானே நானா யாரோ தானா’வில் போதையும் மயக்கமும் கலந்த குரல். மூன்றுக்கும் இசை இளையராஜா. மூன்றும் ஒரு வருட இடைவெளிக்குள் வந்தவை. ‘பாலைவனச் சோலை’யில் வைரமுத்து எழுதி, சங்கர் – கணேஷ் இசையமைத்த ‘மேகமே மேகமே’ முழுக்க முழுக்கக் கஜல் நடை. கஜலில் வரியின் கடைசிச் சொல்லைச் சட்டென்று விட்டுவிடக் கூடாது. விருந்தினரை வாசல்வரை கொண்டுபோய் விடுவது போல விட வேண்டும். தமிழ்த் திரையிசையில் அதைச் செய்யத் தெரிந்தவர் அப்போது அவர் ஒருவர்தான் என்று சொன்னால் மிகை என்பார்கள், சொல்லத்தான் தோன்றுகிறது.

மும்பையில் ஹிந்துஸ்தானி கற்றுத் தமிழுக்கு வந்த பாதையில் பின்னாளில் இன்னும் சிலர் நடந்தார்கள். ஹரிஹரன் கர்நாடக இசைக் கலைஞர்களான பெற்றோருக்குப் பிறந்து மும்பையில் வளர்ந்தவர். உஸ்தாத் குலாம் முஸ்தபா கானிடம் கற்று, 1978-இல் ஜெயதேவின் இசையில் ‘கமன்’ படத்தில் கஜல் பாடித் தொடங்கி, கஜல் தொகுப்புகளாலேயே பெயர் எடுத்திருந்தார். ஏ.ஆர்.ரஹ்மான் ‘ரோஜா’வில் அவரைத் ‘தமிழா தமிழா’ பாட வைத்தபோது அவருக்கு வயது முப்பத்தேழு. ‘பம்பாய்’ படத்தின் ‘உயிரே உயிரே’ வந்த வருடம் நான் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். ஹார்பர் ரயிலில் கிங்ஸ் சர்க்கிளிலிருந்து போகும்போது யாராவது ஒருவரின் வாக்மனில் அது கசிந்துகொண்டிருக்கும். செம்பூரில் பிறந்த சங்கர் மகாதேவன் கணினிப் பொறியியல் படித்து ஆரக்கிளில் வேலை பார்த்தவர். ஜாவேத் அக்தர் எழுதிய ‘பிரெத்லெஸ்’ 1998-இல் அவரை வீடுதோறும் கொண்டுபோனது, ‘என்ன சொல்லப் போகிறாய்’ தேசிய விருதைத் தந்தது. தாமரையின் ‘வசீகரா’வைப் பாடிய பம்பாய் ஜெயஸ்ரீயும் செம்பூர் வளர்ப்புத்தான். சங்கரும் ஜெயஸ்ரீயும் இங்கே டி.ஆர்.பாலமணியிடம் கர்நாடக இசை கற்றவர்கள். சென்னையில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து ரசிப்பவர்கள், பாலமணி என்ற பெயரை ஒரு முறையாவது சொல்ல வேண்டும் என்பது என் ஆசை.

ஆனால் இவர்களுக்கும் வாணிக்கும் ஒரு வேறுபாடு உண்டு. ஹரிஹரன் தமிழுக்கு வந்தபோது, வடநாட்டு நெகிழ்ச்சி உள்ள குரலை ரஹ்மான் தேடிக்கொண்டிருந்தார். அந்தக் குரலுக்கென்றே மெட்டு அமைந்தது. வாணி வந்தபோது அப்படி யாரும் தேடவில்லை. பி.சுசீலாவும் எஸ்.ஜானகியும் எல்.ஆர்.ஈஸ்வரியும் உச்சத்தில் இருந்த இடத்தில், அவர்களில் யாரைப் போலவும் இல்லாத ஒரு குரலோடு நுழைந்து, இதற்கும் ஒரு தேவை உண்டு என்பதை ஒவ்வொரு பாட்டாகக் காட்டினார். கன்னடம், மலையாளம், ஒடியா, குஜராத்தி என்று 19 மொழிகளில் பாடினார். மலையாளத்தில் 1973-இல் சலில் சௌத்ரியின் இசையில் தொடங்கியவர், 2014-இல் ‘1983’ என்ற படத்தில் பி.ஜெயச்சந்திரனோடு ‘ஓலஞ்ஞாலிக் குருவி’ பாடியபோது, அந்தக் குரலுக்கு வயது அறுபத்தெட்டு என்று கேட்பவர் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

2023 ஜனவரி இறுதியில் பத்ம பூஷண் அறிவித்தார்கள். பிப்ரவரி 4 சனிக்கிழமை, அதைக் கையில் வாங்கும் முன்பே, சென்னை நுங்கம்பாக்கத்தில் தம் வீட்டில் இறந்து கிடந்தார். கணவர் 2018-லேயே போய்விட்டிருந்தார்.

செய்தி வந்தபோது நான் சயானில் என் வீட்டில் இருந்தேன். அம்மா இப்போது என்னோடுதான் இருக்கிறாள். பூக்கட்டி வெகுநாளாகிறது, விரல் மூட்டுகள் மடங்குவதில்லை. ஆஜி எப்போதோ போய்விட்டார். அவருடைய பேரன், என்னோடு அந்தத் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்து பாடியவன், டோம்பிவிலியிலிருந்து கூப்பிட்டான். “ஆஜி இருந்திருந்தால் இன்று அடுப்பு மூட்டியிருக்க மாட்டாள்” என்றான். பிறகு தன் கைப்பேசியில் ‘ருணானுபந்தாச்யா’வைப் போட்டு அனுப்பினான். அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து அதை ஒலிக்கவிட்டேன். ஆஜி சொன்னதை அவள் இப்போதுதான் முழுதாக ஒப்புக்கொண்டாள் என்று நினைக்கிறேன். பெண் குரல் வந்ததும், “ஆமா, அந்தப் பிள்ளைதான்” என்றாள். அடுத்து ‘மல்லிகை’யைப் போட்டேன். வரி வரியாக உதடு அசைந்தது.

கடைசியாக, பள்ளியில் நாங்கள் பாடிய பாட்டு ஒன்று இருக்கிறது என்று சொல்லி ‘ஹம்கோ மன் கீ சக்தி தேனா’வைப் போட்டேன். நான் எட்டு வருடம் தினமும் பாடிய அந்தப் பாட்டை அம்மா முழுதாகக் கேட்டதே இல்லை. வழிபாட்டு மணி அடிக்கும் நேரத்தில் அவள் கோணி முன்னால் உட்கார்ந்திருப்பாள், எங்களைக் கொண்டுவந்து விட ஒரு நாளும் அவளுக்கு ஒழிந்ததில்லை. கண்ணை மூடிக் கேட்டாள். முடிந்ததும், “இது எந்த வருசம் பாடுனது?” என்றாள்.

“எழுபத்தொண்ணு.”

“நான் கல்யாணம் முடிஞ்சு இந்த ஊருக்கு வந்த வருசம்லா” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “அந்தப் பிள்ளையும் அப்ப இங்கனதான் இருந்திருக்கு” என்றாள். பிறகு இன்னொரு தடவை போடச் சொன்னாள்.